டிஸ்டிரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் கருவி) கியரை மாற்றி, ரோட்டரை (அதனுள் சுழலும் பகுதி) நேராகப் பிடித்துக்கொண்டே இறக்கிப் பொருத்தினேன். ஆனால் ரோட்டர் மூடியில் உள்ள முதல் சிலிண்டரின் முனைக்கு நேராக நிற்பதில்லை. ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டதா?

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கியரின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், டிஸ்டிரிபியூட்டரை இறக்கும்போது கேம் ஷாஃப்ட்டின் (வால்வுகளை இயக்கும் தண்டு) பற்களோடு சேர்ந்து அதன் ஷாஃப்ட்டும் சற்றுத் திரும்பும். நீங்கள் ரோட்டரை நேராகப் பிடித்துக்கொண்டே இறக்கியதாக எழுதியிருப்பதால், அது விலகியதில் வியப்பில்லை. அது எந்தப் பக்கம், எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து, அந்த அளவு எதிர்ப்பக்கம் தள்ளி வைத்து இறக்குங்கள்.

அதற்கு முன், முதல் சிலிண்டரின் பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் (வாயுவை அழுத்தும் ஓட்டம்) உச்சியில்தான் இருக்கிறதா என்பதை உறுதி செய்யுங்கள். நான்கு ஸ்ட்ரோக்குகளும் முடிவதற்குள் கிராங்க் இரண்டு சுற்று சுற்றி, அதன் புல்லியின் குறி இரண்டு முறை நேருக்கு வரும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடிக்கொண்டு எஞ்சினைக் கையால் சுற்றினால், காற்று விரலைத் தள்ளும் சுற்றுதான் சரியானது.

பல செவர்லே வி8 எஞ்சின்களில் உள்ளதுபோல் கியருக்கு 13 பற்கள் என்றால், ஒரு பல் தவறுவது டிஸ்டிரிபியூட்டரில் ஏறத்தாழ 28 பாகை. டிஸ்டிரிபியூட்டர் கிராங்க் ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், கிராங்க்கில் அதுவே 55 பாகையாகிவிடுகிறது. டிஸ்டிரிபியூட்டரின் உடல்பகுதியைத் திருப்பி இதை ஈடுகட்ட முடியும்தான். ஆனால் அதன் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வேக்குவம் அட்வான்ஸ் டப்பா (எஞ்சினின் வெற்றிடத்தால் தீப்பொறி நேரத்தை முன்தள்ளும் பாகம்) பெரும்பாலும் எதிலாவது இடித்து நிற்கும். பற்கள் ஒற்றைப்படையாக இருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கியரை ஷாஃப்ட்டில் 180 பாகை திருப்பி மாட்டினாலும் ரோல் பின் (கியரை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் ஊசி) நுழைந்துவிடும், ஆனால் பற்கள் அரைப்பல் தள்ளி நிற்கும். அப்போது எந்தப் பல்லில் இறக்கினாலும் உடல்பகுதி பழைய இடத்துக்கு வராது. மேற்சொன்ன எஞ்சின்களில் கியரில் உள்ள சிறு குழி ரோட்டரின் முனை நோக்கும் பக்கமே இருக்க வேண்டும். உங்கள் சிக்கலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஐயம்.

டிஸ்டிரிபியூட்டர் முழுவதுமாக இறங்காமல் சில மில்லிமீட்டர் தூக்கி நின்றால், கிளாம்ப் போல்ட்டை முறுக்கி அதை இழுத்து உட்கார வைக்காதீர்கள். டிஸ்டிரிபியூட்டர் ஷாஃப்ட்டின் அடிமுனை ஆயில் பம்ப்பின் ஷாஃப்ட்டோடு பொருந்தவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். நீண்ட ஸ்க்ரூ டிரைவரால் அந்தப் பம்ப் ஷாஃப்ட்டைச் சிறிது திருப்பிவிட்டு மீண்டும் இறக்குங்கள்.

கியரின் உலோகம் கேம் ஷாஃப்ட்டுக்கு ஏற்றதா என்பதையும் கேம் தயாரிப்பாளரின் குறிப்பில் பாருங்கள். ஸ்டீல் ரோலர் கேமோடு சாதாரண வார்ப்பிரும்பு கியர் விரைவில் தேய்ந்துவிடும்.

எல்லாம் பொருந்திய பின், வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கையேடு சொல்லும் பாகைக்கு டைமிங் லைட்டைக் (தீப்பொறி விழும் நேரத்தில் மின்னி, புல்லியின் குறியைக் காட்டும் விளக்கு) கொண்டு உடல்பகுதியை மெல்லத் திருப்புங்கள். கிளாம்ப்பை இறுக்கிய பின் மறுபடியும் ஒருமுறை லைட்டைப் பிடித்துப் பாருங்கள். இறுக்கும்போதே அது ஓரிரு பாகை நகர்ந்துவிடுவது வழக்கம்.