சவுக்கடிக்குச் சராசரி போடலாமா?

கேள்வி: அமெரிக்க அடிமை முறை பற்றிப் பொருளாதார அறிஞர்கள் ஃபோகலும் எங்கர்மனும் 1974இல் எழுதிய நூலில், ஒரு தோட்டத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு 0.7 சவுக்கடித் தண்டனை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் கொடுமை குறைவா? இங்கே தென்னாப்பிரிக்காவில், இந்திய ஒப்பந்தக் கூலிகள் உழைத்த நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கும் இப்படிக் கணக்குப் போடலாமா?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வில்லங்கம் வகுத்தலில்தான். லூசியானா பருத்தித் தோட்டக்காரர் பென்னட் பாரோவின் நாட்குறிப்பில், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் 160 தண்டனைகள். அதை ஆண்டுகளாலும் வேலையாட்களாலும் வகுத்தால் அந்த 0.7. வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் அதையே நாட்களால் வகுத்தார்: 730 ÷ 160, அதாவது நாலரை நாளுக்கு ஒரு முறை சவுக்கு எழும்பியது. அடி வாங்கியது ஒருவர். பார்த்து நடுங்கியது எத்தனை பேர்? அது எந்தச் சராசரியிலும் வராது. ஃபோகலும் எங்கர்மனும் வைத்த ஆள் கணக்கே கூடுதல் என்றும் கட்மன் பிடித்தார். அந்தக் கண்டனம் நியாயமானது என்பதே என் கட்சி.

நேட்டாலுக்கும் போடலாம், ஆனால் இரண்டு வகுத்தலையும் போடுங்கள். கப்பல் பட்டியலில் வந்தவர் கணக்குதான் உண்டு. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்து தோட்டத்தை விட்டவர்களைக் கழிக்காவிட்டால் ஆள் எண்ணிக்கை ஊதி, சராசரி இளைத்துவிடும். குழந்தைகளைத் தனியாகப் பிரியுங்கள். மாஜிஸ்திரேட் பதிவில் கிடைப்பது வழக்காகப் போனது மட்டும். வயலில் சர்தார், அதாவது கங்காணி, வைத்த அறைக்கு யார் பேரேடு எழுதினார்கள்? அதனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'குறைந்தது' என்று எழுதி வையுங்கள்.