ஏழு எண்கள், மூன்று விடைகள்

கேள்வி: ஒரு கணக்கைப் போட ஏழு மாணவர்களுக்கு ஆன நேரம், நிமிடத்தில்: 8, 5, 35, 4, 7, 5, 6. சராசரி 10, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 6, முகடு (அதிக முறை வரும் எண்) 5 என வருகிறது. எதை எழுதுவது?

பதில்: மூன்றுமே சரிதான். முதலில் ஏறுவரிசையில் எழுதுங்கள்: 4, 5, 5, 6, 7, 8, 35. கூட்டுத்தொகை 70, ஏழால் வகுத்தால் 10. ஆனால் ஏழு பேரில் ஆறு பேர் 10 நிமிடத்துக்குள்ளேயே முடித்துவிட்டார்கள்! அந்த ஒற்றை 35 சராசரியை மேலே இழுத்திருக்கிறது. அதை 14 என்று மாற்றினால் சராசரி 7-க்கு இறங்கும். இடைநிலை 6-லேயே நிற்கும். கடைசி எண் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது இடைநிலைக்குப் பொருட்டே இல்லை.

ஆகவே, 'வகுப்பில் நடுத்தரமான ஒருவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?' என்றால் 6. 'எல்லோருக்குமாக மொத்தம் எவ்வளவு நேரம்?' என்றால் சராசரிதான் வேண்டும்: 10 × 7 = 70. இடைநிலையைப் பெருக்கினால் 42 வரும், அது தவறு.

இன்னொன்று. அந்த 35 உண்மையில் 3.5-ஆ, புள்ளி விட்டுப்போனதா என்று மூலத்தாளைப் பாருங்கள். 3.5 என்றால் சராசரி 5.5 ஆகும். இடைநிலையும் 5-க்கு நகரும், ஏனெனில் அந்த எண் வரிசையின் மறுமுனைக்குப் போய்விடுகிறது. சரிபார்க்காமல், பெரிய எண் என்பதற்காக மட்டும் அதை நீக்கக் கூடாது.

கேள்வி: 3, 5, 6, 9, 12, 14, 14, 17 ஆகியவற்றின் இடைநிலைக்கு (8+1)/2 = 4.5 என்று எழுதினேன். மதிப்பெண் தரவில்லை.

பதில்: 4.5 என்பது இடம், மதிப்பு அல்ல. நான்காவது எண் 9, ஐந்தாவது எண் 12. இரண்டுக்கும் நடுவே 10.5. விடை கொடுத்த எண்களில் ஒன்றாக இல்லையே என்று தயங்க வேண்டாம்.

கேள்வி: எந்த எண்ணும் திரும்ப வராவிட்டால் முகடு 0 என்று எழுதலாமா?

பதில்: கூடாது. 'முகடு இல்லை' என்றே எழுதுங்கள். முகடு 0 என்றால் 0 தான் அதிக முறை வந்திருக்கிறது என்று பொருளாகிவிடும். இரண்டு எண்கள் சம அளவில் அதிகமாக வந்தால் இரண்டையும் எழுதுங்கள். எண்கள் குறைவாக இருக்கும்போது முகட்டை அதிகம் நம்பாதீர்கள்: முதல் கேள்வியில் ஒரு 5-ஐ 4 ஆக்கினால் போதும், முகடு 4-க்குத் தாவிவிடும். ஆனால் நிறம், ரத்த வகை போன்றவற்றில் கூட்டவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது. அங்கே முகடு ஒன்றுதான் வழி.

கேள்வி: மதிப்பு 1, 2, 3, 4, நிகழ்வெண் (ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகிறது என்பது) 6, 3, 2, 1. சராசரி 2.5, முகடு 6. சரியா?

பதில்: இரண்டும் தவறு. 1 என்பது ஆறு முறை வருகிறது. அதை ஆறு முறையும் கூட்ட வேண்டும். 6 + 6 + 6 + 4 = 22, மொத்த நிகழ்வெண் 12, சராசரி ஏறத்தாழ 1.83. முகடு 1; 6 என்பது அது வந்த தடவை. இடைநிலைக்கு 6-வது, 7-வது இடங்களைப் பாருங்கள்: 1, 2. ஆக 1.5.

கேள்வி: முகடு = 3 × இடைநிலை − 2 × சராசரி என்ற சூத்திரம் இருக்கும்போது எண்ணிப் பார்ப்பது எதற்கு?

பதில்: முதல் கேள்வியில் போட்டுப் பாருங்கள்: 18 − 20 = −2. ஒரு கணக்கைப் போட மைனஸ் இரண்டு நிமிடமா? அது ஒற்றை முகடுள்ள, லேசாக மட்டும் ஒருபக்கம் சாய்ந்த பெரிய தரவுகளுக்கான தோராயத் தொடர்பு. ஏழெட்டு எண்கள்தான் என்றால் கண்ணால் எண்ணிவிடுங்கள்.