மணிக்கட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவின் கை பழைய நிலைக்கு வருமா?

உங்கள் அம்மாவுக்கு வலது மணிக்கட்டில் பிளேட் (உலோகத் தகடு) வைத்து மூன்று வாரம் ஆகிறது என்றும், வலிக்குப் பயந்து விரல்களை மடக்கவே மறுக்கிறார் என்றும், கை பழையபடி வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்குச் சென்ற மார்கழியில் இதே முறிவு ஏற்பட்டது. பெரும்பாலானவர்களுக்குக் கை நன்றாகவே திரும்பிவிடுகிறது. ஆனால் இந்த நேரத்தில் எலும்பைவிட விரல்களைத்தான் நீங்கள் காப்பாற்ற வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

விடியற்காலையில் தண்ணீர் தெளித்த வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு வழுக்கி, வலக்கையை ஊன்றி விழுந்தார். முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்தாற்போல் மணிக்கட்டு வளைந்துவிட்டது. 1814ஆம் ஆண்டிலேயே, எக்ஸ்ரே என்பதே இல்லாத காலத்தில், ஆபிரகாம் காலிஸ் என்ற அயர்லாந்து மருத்துவர் விவரித்த முறிவு இது. மருத்துவமனைச் சீட்டிலும் காலிஸ் முறிவு என்றே எழுதியிருந்தார்கள். அதற்கு முன்பு, உறவினர்கள் சொன்னதைக் கேட்டு ஒரு நாட்டுக் கட்டுக்காரரிடம் போய் இரண்டு நாள்களை இழந்தோம். மூங்கில் பத்தை வைத்து அவர் இறுக்கிய கட்டில் விரல்கள் வீங்கி மரத்துப்போயின. மதுரைக்குக் கொண்டுவந்தபோது அம்மாவின் கல்யாண வளையலை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. அந்த இரண்டு நாள்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

கழுத்துப் பக்கம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, உள்ளங்கைப் பக்கமாகத் திறந்து, தகட்டை ஸ்குரூக்களால் பொருத்தினார்கள். அன்று மாலை, படுக்கையில் கிடந்த கையை இடக்கையால் தூக்கிப் பார்த்து, "இது என் கையாவே இல்ல தாயி" என்று அம்மா அழுதார். மருந்தின் வீரியம் வடியப் பல மணி நேரம் ஆகும் என்பதை எங்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. நள்ளிரவில் சுண்டுவிரல் அசைந்த பிறகுதான் அவர் தூங்கினார்.

மறுநாள் வந்த பிசியோதெரபிஸ்ட் சொன்னதை நாங்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். கையை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி தலையணைகளின் மேல் வைக்க வேண்டும். தொங்கவிட்டால் வீக்கம் இறங்காது, வீங்கிய விரல்கள் மடங்காது, மடங்காத விரல்கள் நாளடைவில் இறுகிவிடும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை விரல்களை முழுக்க நீட்டி, முழுக்க மடக்கி, கட்டைவிரலால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் தொட வேண்டும். முழங்கையையும் தோளையும்கூட அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோளும் பிடித்துக்கொள்ளும். உங்கள் அம்மா பயப்படுவது போலவே என் அம்மாவும் தகடு கழன்றுவிடும் என்று பயந்தார். வெறும் விரலை மடக்குவதால் தகடு கழலாது, பாரம் தூக்குவதும் கையை ஊன்றி எழுவதும்தான் கூடாது என்று மருத்துவரே நேரில் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார். நீங்களும் அந்த வார்த்தையை மருத்துவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பிள்ளைகள் சொன்னால் எடுபடாது.

மூன்று வாரம் ஆகியும் விரல்கள் மடங்கவில்லை என்றால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் இந்த வாரமே காட்டுங்கள். நாளுக்கு நாள் கூடுகிற எரிச்சலான வலி, தோல் பளபளத்துச் சிவந்து வியர்ப்பது, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது, கட்டைவிரலைத் திடீரென்று தூக்க முடியாமல் போவது, தையலில் சீழ் கட்டுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே போக வேண்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தது என்றால் எலும்புத் தேய்மானமும் இருக்கலாம் என்பதால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனைப் பற்றியும் கேளுங்கள். எங்களிடம் மருத்துவரே அதைச் சொன்னார். என் அம்மாவுக்கு எலும்புத் தேய்மானத்துக்கும் மருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிந்தபோது ஆறு வாரம் ஆகியிருந்தது. கை கூடுவதற்கு அதற்குப் பிறகும் மாதங்கள் ஆயின. எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது உள்ளங்கையை மேல் நோக்கித் திருப்புவது. கோயிலில் தீர்த்தம் வாங்கக் குழித்த கை பாதியிலேயே நின்றுவிட, அம்மா சட்டென்று இடக்கையை நீட்டப் போய், பிறகு இரண்டையும் இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்த அன்றிலிருந்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக் கையைத் திருப்பும் பயிற்சியை நானும் அவரோடு உட்கார்ந்து செய்தேன்.

அம்மா முன்பு பூ கட்டிக் கொடுத்தவர். மூன்றாம் மாதத்தில் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு கால் கிலோ மல்லிகை மொட்டும் வாழை நாரும் வாங்கி வந்து முன்னால் வைத்தேன். முதல் நாள் ஒரு சாண்கூட வரவில்லை. முடிச்சு தளர்ந்து மொட்டுகள் மடியில் உதிர்ந்தன. கட்டித் தரட்டுமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இப்போது பத்து மாதம் ஆகிறது. மூன்று முழத்தைப் பேசிக்கொண்டே கட்டிவிடுகிறார், சோற்றைப் பிசைந்து உண்கிறார், கோலம் போடுகிறார். ஈரப் போர்வையைப் பிழிய மட்டும் இன்னும் என்னைக் கூப்பிடுகிறார்.