சின்னம்மைத் தழும்பு: நிறமா, குழியா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. சின்னம்மை போட்டு 14 நாள் ஆகிறது. மூன்று தண்ணீரும் ஊற்றிவிட்டோம். காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான். ஆனால் நெற்றி, மூக்கு, முதுகு எல்லாம் கறுப்புப் புள்ளிகள். சில இடங்களில் பொருக்கு இன்னும் விழவில்லை. மூக்கின் மேல் இருந்த ஒன்றை அவனே பிய்த்துவிட்டான். அந்த இடம் குழியாகத் தெரிகிறது. மாமியார் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டச் சொல்கிறார். மெடிக்கலில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். எதைச் செய்வது? தழும்பு போகுமா?

பதில்: இன்று இரவு அவன் தூங்கியதும் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை முகத்துக்கு நேராகக் காட்டாமல், காதுப் பக்கத்திலிருந்து சாய்வாகப் பிடித்து நெற்றியைப் பாருங்கள். கண்ணில் வெளிச்சம் படாமல் உங்கள் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். குழி இருந்தால் அதன் ஓரத்தில் பிறை மாதிரி மெல்லிய நிழல் விழும். நிழல் எதுவும் இல்லாமல் வெறும் கறுப்பாகவோ பழுப்பாகவோ தெரிந்தால், அங்கே தோல் சமமாகத்தான் இருக்கிறது. மாறியிருப்பது நிறம் மட்டும். பெரும்பாலான புள்ளிகளில் நிழல் விழாது. அதைப் பார்த்தாலே உங்கள் கவலையில் பாதி குறைந்துவிடும்.

கொப்புளம் வந்து ஆறிய இடத்தில் தோல் தன் நிறமியை அதிகமாகச் சுரந்துவிடுகிறது. நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலில் இது இன்னும் எடுப்பாகத் தெரியும். சில குழந்தைகளுக்கு மாறாக வெளிர்புள்ளிகள் வரும். இரண்டுமே தழும்பு அல்ல. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மெல்ல மெல்ல மங்கிவிடும். எந்தக் கிரீமும் தடவாமலே மங்கும்.

குழி விஷயம் வேறு. சின்னம்மைக் கொப்புளம் மேல்தோலில் உருவாகும் மெல்லிய நீர்க்குமிழ். அது மேலோடு நிற்கும்வரை குழி விழாது. நகத்தால் கிள்ளும்போதும், புண்ணில் கிருமி ஏறிச் சீழ் பிடிக்கும்போதும் சேதம் அடித்தோலுக்கு இறங்குகிறது. குழி பெரும்பாலும் அப்படித்தான் விழுகிறது. உங்கள் மாமியார் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அவர் சிறுவயதில் அம்மைத் தழும்பு நிறைந்த முகங்களைப் பார்த்திருப்பார். அவை பெரியம்மை விட்டுப்போன வடுக்கள்; அந்த நோய் தோலின் ஆழம்வரை இறங்கும். 1980-ல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உங்கள் மகனுக்கு வந்தது அதுவல்ல என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இப்போது பொருக்குக்கு வருவோம். பலரும் அதை அழுக்கு போல நினைத்து ஊறவைத்துத் தேய்த்து எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பொருக்கு ஒரு மூடி. அதன் அடியில் புதுத்தோல் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கிறது. வளர்ந்து முடிந்ததும் மூடியின் ஓரம் தானாகக் கிளம்பும், ஒருநாள் துண்டோடு வந்துவிடும். ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு சட்டையில் மாட்டினால், தூக்கிய பகுதியைச் சின்னக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள், ஒட்டியிருப்பதை இழுக்காதீர்கள்.

அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லியை, வாசலின் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான், மெல்லிய பூச்சாகக் காலையும் இரவும் தொட்டு வையுங்கள். வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். 'புண்ணைக் காயவிட வேண்டும்' என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஆனால் 1962-லேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், ஈரப்பதத்தோடு மூடி வைத்த புண்ணில் புதுத்தோல் வேகமாக வளர்வதைப் பன்றிகளின் தோலில் காட்டிவிட்டார். காய்ந்து வெடிக்கும் பொருக்கு அரிக்கும், அரித்தால் பிள்ளை கிள்ளும். கொப்புள நாட்களில் உதவிய கேலமைன் லோஷனையும் இப்போது நிறுத்திவிடுங்கள். அது மேலும் உலர்த்தும்.

நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுக்குங்கள். இரவில் கைகளுக்குப் பருத்தி சாக்ஸ் மாட்டிவிடலாம். 'சொறியாதே' என்று நாள் முழுக்கச் சொன்னால் 4 வயதுப் பிள்ளைக்குக் கை அங்கேதான் போகும். குளிர்ந்த ஈரத்துணியை அவன் கையிலேயே கொடுத்து, அரிக்கிற இடத்தில் ஒற்றிக்கொள்ளப் பழக்குங்கள். அப்படியும் தூக்கம் கெட்டால், எடைக்கு ஏற்ற அரிப்பு மருந்தை மருத்துவர் எழுதித் தருவார்.

வேப்பிலை போட்டுக் காய்ச்சி வடிகட்டிய வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுவதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். அரைத்துத் தேய்ப்பதற்குத்தான் தடை. விழுதில் இருக்கும் நரம்பும் திப்பியும் பொருக்கைப் பிய்த்துவிடும். மஞ்சள் பூசினால் இன்னொரு சிக்கல்: புண்ணைச் சுற்றித் தோல் சிவக்கிறதா என்பது உங்கள் கண்ணுக்கே தெரியாமல் போகும், ஆரம்பக் கிருமித்தொற்றைத் தவறவிடுவீர்கள். மாமியார் மனம் நோகாமல், அந்த நீரை அவர் கையாலேயே ஊற்றச் சொல்லுங்கள். ஐந்து பத்து நிமிடம் போதும். நார், கடலை மாவு, நலங்கு மாவு எதுவும் ஒரு மாதத்துக்கு வேண்டாம். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காயும் முன் வாசலின் வைத்துவிடுங்கள்.

மெடிக்கலில் கொடுத்த டியூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், ஹைட்ரோகுயினோன் என்று ஏதாவது இருந்தால் முகத்தில் தொடவே வேண்டாம். முதல் மூன்றும் ஸ்டீராய்டுகள். குழந்தையின் மெல்லிய தோலை இன்னும் மெலிய வைக்கும், ஆறாத புண்ணில் கிருமி பரவ வழிவிடும். நான்காவது நிறத்தை வெளுக்கச் செய்வது. தானாகப் போகிற நிறத்துக்கு அது எதற்கு? எலுமிச்சைச் சாறும் வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்பளித்து, இருப்பதைவிடக் கறுத்துவிடும்.

நிறம் சீக்கிரம் மங்க நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, வெயிலைத் தடுப்பதுதான். அடுத்த சில மாதங்களுக்குக் காலை 10 முதல் மாலை 4 வரை தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்டு அனுப்புங்கள். பொருக்கெல்லாம் விழுந்தபின், ஜிங்க் ஆக்சைடு உள்ள குழந்தைகளுக்கான சன்ஸ்கிரீனை, எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் பார்த்து வாங்கித் தடவலாம்.

தாளிக்காத பத்தியச் சாப்பாட்டை இன்னும் தொடர்கிறீர்கள் என்றால் முடித்துக்கொள்ளலாம். தோல் வளரப் புரதம் வேண்டும்: பருப்பு, பால், தயிர், வீட்டில் பழக்கம் இருந்தால் முட்டை. கொய்யாவும் நெல்லிக்காயும் வைட்டமின் சி தரும். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டிவிட்டால் நோய் பிறருக்குப் பரவாது. பொருக்கு விழக் காத்திராமல் பள்ளிக்கும் அனுப்பலாம்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடாகிப் பரவுதல், தொட்டால் வலி, சீழ், தேன் நிறத்தில் கசிந்து உறையும் மஞ்சள் பொருக்கு, போன காய்ச்சல் திரும்ப வருதல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நடை தள்ளாடினாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தாலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. சின்னம்மையோடு சேர்ந்தால் மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும் ரேய் நோய்க்குறியை அது வரவழைக்கக்கூடும்.

கடைசியாக, மூக்கின் மேல் இருக்கும் அந்த ஒன்று. இப்போது தெரியும் பள்ளம் முழுவதும் குழித்தழும்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பொருக்கு பிய்ந்த இடம் கொஞ்ச நாள் பள்ளமாகத்தான் இருக்கும். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும்வரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை வாசலின் வையுங்கள். இரவில் அவன் விரல் போகாதபடி சின்ன பிளாஸ்டர் ஒட்டுங்கள். அடித்தோல் தன்னைச் சரிசெய்துகொள்ள ஒரு வருடம்வரை எடுத்துக்கொள்ளும், குழியும் அதற்குள் ஓரளவு மேலெழும். அதுவரை ஊசி, லேசர் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் ஓரத்தில், அதே நேரத்து வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. பன்னிரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு அடுத்த வருடம் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள்.