பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பது சென்னைதானே, பிறகு ஏன் டெல்லியில் வெயில் அதிகம்?

டெல்லியில் வேலை கிடைத்து மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "சென்னை வெயிலையே பார்த்தவன், டெல்லி என்ன செய்துவிடும்" என்ற நினைப்பை மட்டும் ரயில் ஏறுமுன் இறக்கி வைத்துவிடுங்கள். 1996 ஜூனில் நான் அந்தத் திமிரோடுதான் போய் இறங்கினேன்.

கிடைத்தது மொட்டை மாடியில் ஒற்றை அறை. அங்கே அதை பர்சாத்தி என்பார்கள். முதல் நாள் கிளம்பும்போது வீட்டுக்காரரின் தாயார் உரிக்காத வெங்காயம் ஒன்றைக் கையில் திணித்து, சட்டைப்பையில் வைத்துக்கொள் என்றார். லூ என்கிற அனல்காற்றுக்கு அது காப்பாம். தெருமுனை திரும்பியதும் எறிந்துவிட்டேன். நண்பகலில் பஸ்ஸுக்கு நின்றபோது சட்டை நனையவே இல்லை. வியர்க்காத வெயிலா, பரவாயில்லையே என்று மகிழ்ந்தேன். வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துகொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. சற்று நேரத்தில் மேலுதட்டில் ஏதோ ஊர்ந்தது. துடைத்தால் ரத்தம். மூக்கு உள்ளே வறண்டு வெடித்திருந்தது. (வெங்காயம் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன் என்று நான் சொல்லவில்லை. பகுத்தறிவாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் கோடை கடுமையாகும் என்று பள்ளியிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் அங்கே குறைவது கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வித்தியாசம். சிங்கப்பூர் ஏறத்தாழ 1 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அங்கே பதிவான உச்ச வெப்பமே 37 டிகிரிதான். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் ஜூன் 21 வாக்கில் சூரியன் கடக ரேகைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. டெல்லி அதிலிருந்து 5 டிகிரிதான் வடக்கே. சென்னையோ 10 டிகிரி தெற்கே. ஆக, அன்றைய நண்பகலில் உச்சிக்கு நெருக்கமாகச் சூரியன் நிற்பது டெல்லியில்தான். சென்னையில் அப்போது நிழல் தெற்கே விழும், வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். பகலும் டெல்லியில் கிட்டத்தட்ட 14 மணி நேரம். சென்னையில் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

எல்லாவற்றையும் அட்சரேகை தலையில் கட்டிவிட முடியாது. சென்னைக்குக் கடற்காற்று உண்டு, டெல்லிக்கு ராஜஸ்தான் பக்கத்து வறண்ட காற்று. மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதித்தால் சென்னையும் வேகும். 2003 மே 31 அன்று இங்கே 45 டிகிரி பதிவானதை நான் மறக்கவில்லை, ஆகவே யாரும் கோபிக்க வேண்டாம். டிசம்பரில் அதே மாடி அறையில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 38 டிகிரி உயரத்தை ஒட்டியே நின்றுவிட்டது. காலுறை போட்டுக்கொண்டு ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் கிடந்தேன்.

ஊர் திரும்பும்போது ஏர் கூலரையும் அனுப்பினேன். சாமான் கட்டிக் கொண்டுவந்த நிறுவனம் அதன் ஒரு காலை உடைத்துவிட்டு, ஏற்கெனவே உடைந்திருந்ததாக என்னிடமே கையெழுத்துக் கேட்டது. போடவில்லை, பத்து மாதம் நஷ்டஈட்டுக்கு நடந்தேன், ஒரு பைசா வரவில்லை. செங்கல்லை முட்டுக் கொடுத்து ஓட்டிப் பார்த்தோம். சென்னையின் ஈரக் காற்றில் அது என்ன செய்யும்? தலையணை ஈரமானது, அப்பளம் நமத்தது. ஒரு மணி நேரத்தில் அம்மா அணைத்துவிட்டார்.