கயிறு, பந்து, சிவப்பு அட்டை: சமூக அறிவியல் ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இருபது வருடத்துக்கு மேல் சமூக அறிவியல் எடுத்தாயிற்று. இந்த முறை வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஆண்டுகளை ஒப்பிக்கிறார்கள், அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்கள். சார்ட் எழுதி ஒட்டியும் பலனில்லை, டீச்சர்.

ஒட்டிய மூன்றாம் நாள் சார்ட் சுவரோடு சுவராகிவிடும். ஐந்து மீட்டர் கயிறு ஒன்று எடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து ஆண்டு, ஒரு முனைதான் இன்று. மூன்று அட்டைகள் போதும்: கிசாவின் பெரிய பிரமிடு (ஏறக்குறைய கி.மு. 2560), கிளியோபாட்ராவின் மரணம் (கி.மு. 30), நிலவில் மனிதன் கால் வைத்தது (1969). அட்டையை மாட்டும் முன் கேளுங்கள்: கிளியோபாட்ரா எதற்குப் பக்கத்தில், பிரமிடுக்கா, நிலவுக்கா? வகுப்பு மொத்தமும் பிரமிடு என்று கத்தும். சரி, அளந்து பாருங்கள் என்று ஸ்கேலைக் கொடுத்துவிடுங்கள். பிரமிடு வரை சுமார் 253 செ.மீ., நிலவு வரை சுமார் 200. அரை மீட்டர் வித்தியாசம்! ஸ்கேலைத் தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று இரண்டாம் முறையும் அளப்பார்கள். அளக்கட்டும்.

கயிற்றைக் கழற்றாதீர்கள். பாடத்துக்கு ஓர் அட்டை, மாட்டுவது மாணவர் வேலை. கி.மு. 1-க்கு அடுத்து நேராகக் கி.பி. 1 தான், நடுவில் சுழியம் ஆண்டு கிடையாது. இதை எவனாவது ஒருவன் கட்டாயம் கேட்பான், தயாராக இருங்கள்.

கேள்வி: வரைபடம் என்றாலே இடம் குறிப்பது மட்டும்தானா?

தேர்வுக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பீரியட் மட்டும் வரைபடத்தையே சந்தேகப்படச் சொல்லுங்கள். சில உலகப்படங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. உலக உருண்டை இருந்தால், அதில் கிரீன்லாந்தின் மேல் மெல்லிய தாளை வைத்து வரைந்து, வெட்டி, ஆப்பிரிக்காவின் மேல் வைத்துப் பார்க்கட்டும். அப்புறம் ஒரு பழைய ரப்பர் பந்தில் கண்டங்களை வரைந்து, இரண்டாக அறுத்து, மேசையில் தட்டையாக அழுத்தச் சொல்லுங்கள். கிழிக்காமலோ இழுக்காமலோ முடியாது. 1569-ல் வரைபட வல்லுநர் மெர்கேட்டர் இழுக்கும் வழியை எடுத்தார், அதுவும் மாலுமிகளுக்காக. திசைகாட்டி காட்டும் ஒரே கோணத்தில் போகும் பாதை அந்தப் படத்தில் நேர்கோடாக விழும். அந்த வசதிக்குக் கொடுத்த விலைதான் துருவப் பக்கத்து நாடுகளின் வீக்கம். 'தப்பான படம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யாருக்காக வரைந்த படம் என்று கேட்க வையுங்கள்.

கேள்வி: குழு வேலை கொடுத்தால் ஒருவர் செய்கிறார், மூன்று பேர் வேடிக்கை பார்க்கிறார்கள்.

நானும் பட்டதுதான். ஒருவரே முடித்துவிடக்கூடிய வேலையைக் கொடுத்தால் ஒருவர்தான் செய்வார். உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உருவாக்கிய 'ஜிக்சா' முறையைப் பாருங்கள். 1789 பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள் பாடம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் குழுவில் ஒருவருக்கு அரசின் கடன், இன்னொருவருக்கு வரிச்சுமை, மற்றவருக்கு 1788-ன் மோசமான விளைச்சல், நான்காமவருக்கு அறிவொளிக் காலக் கருத்துகள். ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் தனியாகக் கூடிப் படிக்கிறார்கள். பிறகு தன் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தர வேண்டும். கடன் துண்டு யாரிடம் இருக்கிறதோ அவர் வாயைத் திறந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. அந்த முதல் கூட்டத்துக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். அங்கே அவசரப்பட்டால் தப்பும் தவறுமாகச் சொல்லித்தருவார்கள்.

கேள்வி: குடிமையியல் எடுத்தால் தூங்குகிறார்கள்.

பதினைந்து நாற்காலி, ஐந்து சிவப்பு அட்டை. ஐ.நா. பாதுகாப்பு அவை தயார். சிவப்பு அட்டை, ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளுக்கு. ஏதாவது ஒரு தீர்மானத்தை வாக்குக்கு விடுங்கள். பதினான்கு கை ஆதரவாக உயரும், ஒரு சிவப்பு அட்டைக்காரர் எதிர்ப்பார், தீர்மானம் காலி. 'அநியாயம்' என்று கூச்சல் கிளம்பும் அல்லவா, பாடத்தை அங்கே தொடங்குங்கள்: 1945-ல் மற்ற நாடுகள் இதற்கு ஏன் ஒப்புக்கொண்டன? சிவப்பு அட்டைக்காரர் வாக்களிக்காமல் ஒதுங்கினால் அது வீட்டோ (தீர்மானத்தைத் தனியாகத் தடுக்கும் அதிகாரம்) ஆகாது என்பதையும் ஒருமுறை நடத்திக் காட்டிவிடுங்கள்.

இதே உற்சாகத்தில் அடிமை வணிகத்தை நடித்துக் காட்டலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம். யாரை அடிமையாக உட்கார வைப்பீர்கள்? தப்பியோடியவர்களைத் தேடி உரிமையாளர்கள் பத்திரிகையில் கொடுத்த விளம்பரம் ஒன்றை வாசிக்கக் கொடுங்கள். எழுதியவர் எதை மறைக்கிறார் என்று தேடச் சொன்னாலே வகுப்பு அமைதியாகிவிடும்.

கேள்வி: நான்கு செக்‌ஷன், நூற்று அறுபது நோட்டு. மேசையே தெரியவில்லை.

எல்லாவற்றையும் திருத்துவதை நிறுத்துங்கள். ஒரு வாரம் காரணங்களை மட்டும் பாருங்கள், அடுத்த வாரம் வரைபடத்தை மட்டும். எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செக்‌ஷனுக்கு ஒரு நிறத்தில் கோப்பு. லீவு போட்டவர்களுக்கென்று வாசலருகே ஒரு பெட்டி. அன்றைய தாளில் பெயர் எழுதி அதில் போடுவதை வகுப்பில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். 'நேற்று என்ன டீச்சர் நடத்தினீங்க' என்று வருபவர்களுக்குப் பெட்டியைக் கை காட்டினால் போதும்.