ப்ராசஸ் மைனிங்: கிடங்கு, கொள்முதல் பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கிடங்கு, கொள்முதல், டிஸ்பாட்ச் பிரிவுகளின் ஈவென்ட் லாக்கை, அதாவது என்ன வேலை எப்போது நடந்தது என்று கணினியில் விழும் பதிவுகளை எடுத்து ஆராய்வதுதான் என் அன்றாட வேலை. ப்ராசஸ் மைனிங் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

எங்களிடம் ஏற்கெனவே டேஷ்போர்டு இருக்கிறது. எத்தனை ஆர்டர் போனது, எத்தனை தாமதம் எல்லாம் தெரிகிறது. இதில் புதிதாக என்ன கிடைத்துவிடும்? (ஆபரேஷன்ஸ் மேனேஜர்)

டேஷ்போர்டு எண்ணிக்கையைச் சொல்லும், வந்த வழியைச் சொல்லாது. 40 ஆர்டர் தாமதம் என்பது தெரியும். அந்த 40-ம் எங்கே நின்றன, எத்தனை முறை பின்னால் போய் வந்தன, எந்தப் படியைத் தாண்டிக் குதித்தன என்பது தெரியாது. ப்ராசஸ் மைனிங் மென்பொருள் உங்கள் கணினியில் ஏற்கெனவே விழுந்து கிடக்கும் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு ஆர்டரும் நிஜமாக நடந்த பாதையை வரைந்து காட்டுகிறது. நடைமுறைக் கையேட்டில் 6 படிதான் இருக்கும். படத்தில் பார்த்தால் அதே வேலை நூறு விதமாக நடந்திருக்கும்.

இது நேற்று முளைத்த விஷயம் இல்லை. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வில் வான் டர் ஆல்ஸ்ட் குழுவினர் 1990-களின் கடைசியில் தொடங்கிய ஆராய்ச்சி இது. பதிவுகளிலிருந்து தானாகவே வரைபடம் எடுக்கும் அவர்களுடைய ஆல்ஃபா அல்காரிதம் 2004-ல் வெளியானது.

என்ன தரவு வேண்டும்? எக்செல் கோப்பு போதுமா? (சின்ன நிறுவனம் நடத்துபவர்)

தொடங்குவதற்கு எக்செல் போதும். மூன்று விவரம் கட்டாயம்: எந்த ஆர்டர், என்ன வேலை, எப்போது. யார் செய்தது, எந்தப் பகுதி, எந்த வாடிக்கையாளர் என்பதெல்லாம் இருந்தால் நல்லது.

இந்த மூன்றை வைத்தே எவ்வளவு தெரிகிறது என்பதற்கு ஒரு மாதிரி ஆர்டரைப் பார்ப்போம். காலை 9.12-க்கு ஆர்டர் கிடங்குக்கு இறங்குகிறது. 9.40-க்குப் பிக்கிங் (ஆர்டருக்கான சரக்கை எடுப்பது) தொடங்கி 9.58-க்கு ஷார்ட் பிக் என்று நிற்கிறது, அதாவது பின்னில் (சரக்கு வைக்கும் ரேக் அறையில்) சரக்கு போதவில்லை. 11.20-க்கு மேல்தட்டிலிருந்து சரக்கு இறக்கத் தொடங்கி 11.35-க்கு முடிக்கிறார்கள். 12.50-க்கு மறுபடி பிக்கிங், 12.55-க்கு முடிவு. பேக்கிங் 1.10 முதல் 1.22 வரை. 2.05-க்கு லாரியில் ஏறுகிறது.

மொத்தம் 293 நிமிடம். அதில் கை பட்ட நேரம் 18, 15, 5, 12 என்று கூட்டினால் 50 நிமிடம்தான். மீதி 243 நிமிடம் ஆர்டர் சும்மா காத்திருந்தது. அந்தக் காத்திருப்பிலும் 82 நிமிடம் சரக்கு இறங்குவதற்காக, 75 நிமிடம் இறங்கிய பிறகு யாராவது திரும்பி வந்து எடுப்பதற்காக. எனக்கு அந்த 75-தான் உறுத்துகிறது. சரக்கு பின்னில் வந்து உட்கார்ந்துவிட்டது, ஆனால் அந்தச் செய்தி யாருக்கும் போகவில்லை. ஆர்டர் அடுத்த அலையின், அதாவது ஒன்றாகச் சேர்த்து இறக்கப்படும் அடுத்த ஆர்டர் தொகுதியின், வால்பகுதியில் போய்ச் சேர்ந்திருக்கும். பிக்கிங் செய்பவரை இன்னும் வேகமாக நடக்கச் சொல்லி இந்த 75 நிமிடத்தில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்க முடியாது.

எங்கள் புட்அவே (வந்த சரக்கை ரேக்கில் வைப்பது) சராசரி 40 விநாடி என்று மென்பொருள் காட்டுகிறது. ஒரு பேலட்டை ரேக்கில் ஏற்ற அதைவிட அதிக நேரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மென்பொருளில் தப்பா? (கிடங்கு சூப்பர்வைசர்)

இந்த வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மென்பொருளில் தப்பு இல்லை. டைம்ஸ்டாம்ப் வேலை நடந்த நேரத்தைச் சொல்லவில்லை, வேலையைப் பதிந்த நேரத்தைச் சொல்கிறது. ஊழியர் காலை முழுக்கப் பேலட்டுகளை ஏற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உறுதி செய்திருப்பார். லாக்கை ஆள்வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரே ஆள், கிடங்கின் இந்தக் கோடியில் ஒரு பின், 5 விநாடி கழித்து அந்தக் கோடியில் ஒரு பின் என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. நேரம் எல்லாம் 00:00:00 என்று இருந்தால் உங்கள் கணினி தேதியை மட்டும்தான் சேமிக்கிறது. ஷிஃப்ட் முடியும் வேளையில் பதிவுகள் குவிந்தால் அது கடைசி நேரப் பதிவு. எல்லாமே பல மணி நேரம் ஒரே அளவில் தள்ளி நின்றால் சர்வர் வேறு நேர மண்டலத்தில் ஓடுகிறது. இரண்டு வேலைக்கும் ஒரே நேரம் பதிவாகியிருந்தால் எது முந்தியது என்று மென்பொருளுக்குத் தெரியாது. அம்புக்குறி தலைகீழாக விழும், பேக்கிங் முடிந்து பிக்கிங் நடந்ததாகப் படம் சொல்லும்.

இதைச் சரிபார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதிப்படி, உள்ளே நிற்கும் ஆர்டர்களின் சராசரி எண்ணிக்கை என்பது மணிக்கு வரும் ஆர்டர்களைச் சராசரித் தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. மணிக்கு 60 ஆர்டர் வருகிறது, உள்ளே எப்போதும் 300 போல நிற்கிறது என்றால் ஓர் ஆர்டர் சராசரியாக 5 மணி நேரம் தங்குகிறது. லாக் 2 மணி நேரம் என்று சொன்னால் ஏதோ ஒரு பகுதி பதிவாகவே இல்லை.

சரி, கண்டுபிடித்தாயிற்று. உடனே அந்த ஊழியரைக் கூப்பிட்டுத் திட்டாதீர்கள். ஏன் அப்போதைக்கப்போது ஸ்கேன் செய்யவில்லை என்று கேளுங்கள். அந்த ரேக் வரிசையில் வைஃபை எட்டாமல் இருக்கலாம், மூன்று பேருக்கு ஒரு ஸ்கேனர் இருக்கலாம், ஒவ்வொரு உறுதிக்கும் 4 திரை தாண்ட வேண்டியிருக்கலாம். இப்படி ஒரு காரணம் கிடைத்தால், அந்தத் திட்டத்தின் முதல் உருப்படியான பலன் அதுவே.

படம் வரைந்து பார்த்தால் நூடுல்ஸ் கொட்டியது போல இருக்கிறது. என்ன செய்வது? (ஐடி பிரிவு ஊழியர்)

எல்லோருக்கும் முதல் படம் அப்படித்தான் வரும், இந்தத் துறையில் அதற்குப் பெயரே ஸ்பகெட்டி. அரிதான கோடுகளை மறைக்கும் ஸ்லைடர் பல மென்பொருள்களில் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் இழுத்து அழகான படம் எடுத்துவிட்டு மேலிடத்துக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். தாமதமும் திருத்த வேலையும் பெரும்பாலும் நீங்கள் மறைக்கும் அந்த மெல்லிய கோடுகளில்தான் இருக்கும். முதலில் பிரியுங்கள்: அவசர ஆர்டர் தனி, மொத்த ஆர்டர் தனி, திரும்பி வந்த சரக்கு தனி. வெவ்வேறு வேலைகளை ஒரே லாக்கில் கலந்ததால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

ஓர் ஆர்டரில் 10 பொருள், மூன்று பேலட், இரண்டு லாரி. எதை ‘கேஸ்’ என்று எடுப்பது? (தரவு ஆய்வாளர்)

கேஸ் என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை நாம் பின்தொடரும் ஓர் அலகு. ஆர்டரைக் கேஸாக எடுத்தால், 10 பொருளுக்கான 10 பிக்கிங்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி நடந்தது போலத் தெரியும். அது பொய்யான சுழற்சி. பொருள் வரியைக் கேஸாக எடுத்தால் ஒரே லாரி ஏற்றம் 10 முறை எண்ணப்படும், லாரி வேலை பத்து மடங்காக வீங்கும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒரு பக்கம் இடிக்கும்.

இதற்காகவே, ஒரு நிகழ்வை ஆர்டர், பேலட், லாரி என்று பலவற்றோடு ஒரே நேரத்தில் இணைக்கும் லாக் வடிவம் வந்திருக்கிறது. ஓசெல் என்று பெயர், அதன் 2.0 பதிப்பு 2023-ல் வெளியானது. ஆனால் தொடக்கத்திலேயே அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் உங்கள் கேள்வியைத் தீர்மானியுங்கள். ‘வாடிக்கையாளருக்கு ஏன் தாமதம்’ என்றால் ஆர்டர். ‘சரக்கு டாக்கில் (லாரி வந்து நிற்கும் மேடையில்) இறங்கி ரேக்குக்குப் போக ஏன் இவ்வளவு நேரம்’ என்றால் பேலட். கேள்வி மாறினால் கேஸும் மாறும். ஒரே லாக்கை வைத்து எல்லாவற்றுக்கும் பதில் தேடுவதில்தான் பலர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்த மென்பொருள் நல்லது?

கற்றுக்கொள்ளவும் சோதிக்கவும் பைத்தானில் பிஎம்4பை இருக்கிறது, ப்ரோம் இருக்கிறது, இரண்டும் திறந்த மூலம். நிரல் எழுத வேண்டாம் என்றால் டிஸ்கோ எளிது. பெரிய நிறுவனங்களில் செலோனிஸ், எஸ்ஏபி சிக்னாவியோ போன்றவற்றைப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் 2022-ல் மினிட் என்ற ப்ராசஸ் மைனிங் நிறுவனத்தை வாங்கி, அதைத் தன் பவர் ஆட்டோமேட் மென்பொருளோடு சேர்த்தது. எதை எடுத்தாலும், உங்கள் லாக்கை எக்ஸ்இஎஸ் போன்ற பொது வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கொள்முதலில் இன்வாய்ஸ் முதலிலும் சரக்கு வரவு பின்னாலும் பதிவான ஆயிரக்கணக்கான கேஸ்களை விதிமீறல் என்று சிவப்பாகக் காட்டுகிறது. எங்கள் ஆட்கள் இவ்வளவு தப்பு செய்திருப்பார்களா? (கணக்குப் பிரிவு)

பெரும்பாலும் தப்பு உங்கள் விதியில்தான். கொள்முதலில் ஒரே பாதை கிடையாது. சில பொருளுக்குச் சரக்கு வந்த பிறகே இன்வாய்ஸ் ஏற்கப்படும். சிலவற்றில் இன்வாய்ஸ் முன்னால் வரலாம், சரக்கு வரும்வரை பணம் மட்டும் நிறுத்தப்பட்டிருக்கும். சேவைகளுக்குச் சரக்கு வரவே இருக்காது. சப்ளையரின் இருப்பாக நம்மிடம் நிற்கும் சரக்குக்கு இன்வாய்ஸ் வழி முற்றிலும் வேறு.

இதைப் பழகிப் பார்க்க, ப்ராசஸ் மைனிங் போட்டியான பிபிஐ சேலஞ்சின் 2019 தரவு இலவசமாகக் கிடைக்கிறது. பெயின்ட் துறையில் இருக்கும் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கொள்முதல் பதிவு அது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கொள்முதல் வரிகள், 15 லட்சத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகள், நான்கு வகைப் பாதைகள். வகைவாரியாகப் பிரித்த பிறகு மிஞ்சும் சிவப்பைத்தான் விசாரிக்க வேண்டும். உதாரணமாக, பர்சேஸ் ஆர்டரின் தேதி இன்வாய்ஸ் தேதிக்குப் பிந்தியது என்றால், யாரோ முதலில் வாங்கிவிட்டுப் பிறகு காகிதம் தயார் செய்திருக்கிறார்கள். அது நிஜமான விஷயம்.

இதெல்லாம் கடைசியில் எங்களை வேவு பார்க்கத்தானே? யார் எத்தனை நிமிடம் சும்மா இருந்தார் என்று எடுத்துவிடுவார்கள். (பிக்கிங் செய்பவர்)

உங்கள் பயம் நியாயமானது. லாக்கில் ஆள் பெயர் இருந்தால் அப்படிச் செய்ய முடியும், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அது அநியாயம் என்பதோடு முட்டாள்தனமும்கூட என்பதை நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். ஆள்வாரி நிமிடக் கணக்கு வெளியே வந்த மறுநாளே ஸ்கேன் செய்யும் விதம் மாறிவிடும். கஷ்டமான ஆர்டரை அடுத்தவருக்குத் தள்ளுவார்கள், தொடங்கும் ஸ்கேனை வேண்டுமென்றே தாமதமாகப் போடுவார்கள். அதற்குப் பிறகு அந்த லாக் எதற்கும் உதவாது. மேலே பார்த்த மாதிரி ஆர்டரில் 243 நிமிடக் காத்திருப்பில் தனி ஊழியரின் சோம்பல் எங்கே இருக்கிறது?

நான் வேலையைத் தொடங்கும்போது ஆள் பெயர்களைக் குறியீடாக மாற்றிவிட்டுத்தான் தரவைத் தரச் சொல்வேன். ஷிஃப்ட், பகுதி, திறன் வகை ஆகியவை போதும். படம் வந்ததும் அதை முதலில் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்தான். ‘ஏன் இங்கே திரும்பிப் போகிறது?’ என்று ஒரு கோட்டைக் காட்டிக் கேட்டால், மென்பொருளால் சொல்ல முடியாத காரணத்தைப் பிக்கிங் செய்பவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். உங்கள் இடத்தில் இந்தத் திட்டம் வந்தால் இரண்டைக் கேளுங்கள்: எங்கள் பெயர் தெரியுமா, படத்தை எங்களுக்குக் காட்டுவீர்களா.

படத்தில் நெரிசல் தெரியும் இடத்தில் நேரடியாக ரோபோ போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். தேவையே இல்லாத படியாக இருந்தால் எடுத்துவிடுவதுதான் மலிவு. பேக்கிங்கில் வரிசை நிற்பதற்குக் காரணம், எல்லா ஆர்டரையும் ஒரே அலையாகக் காலையில் இறக்குவதாக இருக்கலாம். அலையைச் சின்னதாக்கிப் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை.

ஒரு மாற்றம் செய்தோம். பலன் வந்ததா என்று எப்படி உறுதியாகச் சொல்வது? (ஆபரேஷன்ஸ் மேனேஜர்)

போன மாதச் சராசரியையும் இந்த மாதச் சராசரியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போதாது. ஆர்டர் கலவை மாறியிருக்கும், சின்ன ஆர்டர் அதிகமான மாதத்தில் எல்லாமே வேகமாகத் தெரியும். ஒரே வகை ஆர்டர்களை ஒப்பிடுங்கள். சராசரியோடு மீடியனையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு), மிக மெதுவான 10 சதவீதத்தையும் பாருங்கள், புகார் பெரும்பாலும் அந்த 10 சதவீதத்திலிருந்துதான் வருகிறது. முடிந்தால் மாற்றத்தை ஒரு பகுதியில் மட்டும் செய்துவிட்டு, மற்றப் பகுதியைச் சில வாரம் பழையபடியே ஓடவிடுங்கள். அப்புறம் இன்னொன்று: பிக்கிங்கில் குறைந்த நேரம் பேக்கிங்குக்கு முன்னால் காத்திருப்பாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஆர்டர் வாடிக்கையாளர் கைக்குப் போகும் நேரம் மாறியிருக்காது, அடுத்து இறங்க வேண்டிய இடம் பேக்கிங்.